க்ரானாக் மையம், ஸ்காட்லாந்து: ஒரு பந்தல்காரனின் பார்வையில்

மயிலாடுதுறைப் பக்கம் பந்தல் போடுவது என் தொழில். கொள்ளிடத்தில் கரை உடைந்தால் சவுக்குக் கட்டை இறக்கவும் கூப்பிடுவார்கள். கிளாஸ்கோவில் இருக்கும் மகள், "கோட்டைக்குப் போகலாமாப்பா, இல்லை க்ரானாக் பார்க்கலாமா?" என்றாள். ஏரிக்குள் மரத்தை நட்டு வீடு கட்டியிருந்தார்கள் என்றதும் கோட்டையை விட்டுவிட்டேன். நம்மூரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

க்ரானாக் என்பது மனிதர்களே உண்டாக்கிய தீவு வீடு. லோக் டே என்ற நீளமான ஏரியில் மட்டும் 18 இருந்த தடயம் உண்டு. அவற்றில் ஓக்பேங்க் என்பதை 1980 முதல் நீருக்கடியில் மூழ்கித் தோண்டினார்கள். அதை மாதிரியாக வைத்துத் தண்ணீர் மேல் கட்டிய வீடு 1997 முதல் மக்கள் பார்வைக்கு இருந்தது. 2021 ஜூனில் தீப்பிடித்துச் சில நிமிடங்களில் போய்விட்டது. நல்லவேளை, கரையில் வைத்திருந்த பழம்பொருட்கள் தப்பின. 2024 ஏப்ரலில் எதிர்க்கரையில் டாலெர்ப் என்ற இடத்தில் மையத்தைப் புதிதாகத் திறந்தார்கள். நான் போனது திறந்த புதிதில். அப்போது வட்ட வீடுகள் எல்லாம் கரையில்தான் இருந்தன. பழைய படத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

எனக்கு அதனால் குறை ஒன்றுமில்லை. நான் பார்க்க விரும்பியது கால் நடும் வேலையை. ஆல்டர் என்ற மரத்தை நுனி சீவி நிறுத்தி, குறுக்கே கட்டை கட்டி, ஆட்கள் இரண்டு பக்கமும் பிடித்து இப்படியும் அப்படியும் திருகினால் சேற்றுக்குள் இறங்குமாம். சம்மட்டி அடியே இல்லை! அந்த மரம் முழுக்க மூழ்கியிருந்தால் கெடாது. நீரும் காற்றும் மாறி மாறிப் படும் இடம்தான் அழுகும். நம் சவுக்கும் அதே குணம்தான். கூரையில் புகைபோக்கி வைப்பதில்லை, புகை வேய்ச்சலின் இடுக்கில் கசிந்து வெளியேறுகிறது. உள்ளே கண் கொஞ்சம் எரிந்தது, அவ்வளவுதான்.

காட்சிக்கூடம் சிறியதுதான், ஆனால் அவசரப்படாதீர்கள். ஏரியடியின் குளிரும் சேறும் மரச்சாமானை அப்படியே காத்திருக்கின்றன. ஒரு மரத்தட்டில் 2,500 ஆண்டுக்கு முந்தைய வெண்ணெய் ஒட்டியிருந்ததாம். தரையில் பரப்பிய பெரணித் தழை, ஆட்டுப் புழுக்கைகூடக் கிடைத்திருக்கின்றன. வீட்டுக்குள்ளேயே ஆட்டைக் கட்டியிருக்கிறார்கள் பாருங்கள். பழமையில் இவர்களையும் மிஞ்சியது ஸ்காட்லாந்தின் வடமேற்கே இருக்கும் லூயிஸ் தீவு: அங்கே ஏரிகளில் உள்ள சில கல் திட்டுகள் 5,000 ஆண்டுக்கும் மேல் பழையவை. 2012-இல் ஒரு முக்குளிப்பவர் அடியில் பானைகளைக் கண்ட பிறகுதான் அது வெளிச்சத்துக்கு வந்தது.

வெளியே பழைய முறையில் மரம் கடைகிறார்கள், வில்லால் குச்சியைச் சுழற்றித் தீ மூட்டுகிறார்கள். கேட்டால் நம் கையிலும் கொடுப்பார்கள். மகள் வெட்கப்பட்டாள், நான் விடவில்லை, "சும்மா இரும்மா" என்று சொல்லிவிட்டுக் கடைசலில் உட்கார்ந்துவிட்டேன். அதற்காகவே இன்னொரு முறை போவேன்.

கிளாஸ்கோவிலிருந்து காரில் சுமார் 2 மணி நேரம். பஸ்ஸை நம்பினால் அலைச்சல். கோடையிலும் ஏரிக்காற்று ஊசியாய்க் குத்தும், ஸ்வெட்டர் கட்டாயம். தரை ஈரமாக இருக்கும், ரப்பர் செருப்போடு போகாதீர்கள். அரண்மனை, பொம்மை, பாட்டுக் கச்சேரி எல்லாம் எதிர்பார்க்கிற குடும்பம் என்றால் வேண்டாம், எடின்பரோ கோட்டைக்கே போய்விடுங்கள்.