விரெஸ்: காந்தப்புலம் படிப்பிக்கிறவர்களுக்கு நல்லதொரு இலவசத் தளம்

ஏ/எல் பௌதிகவியல் படிப்பிக்கிறவர்கள் யாராவது இன்னும் விரெஸ் தளத்தைத் திறக்கவில்லை என்றால் தயவுசெய்து இன்றைக்கே பாருங்கள். ஐரோப்பிய விண்வெளி முகவரகத்தின் ஸ்வார்ம் செய்மதிகள் மூன்றும் 2013 நவம்பரில் மேலே போனதிலிருந்து அளந்துவரும் காந்தப்புலத் தரவு இதில் கிடக்கிறது. பதிவு செய்தால் போதும், காசு இல்லை.

திறந்ததும் ஒரு பூமிக்கோளம், கீழே காலக்கோடு. காந்தப்புல மாதிரி ஒன்றைத் தெரிவுசெய்தால் கோளம் முழுக்க நிறம் ஏறும். மட்டக்களப்பில் தரைமட்டத்தில் புலத்தின் வலிமை சுமார் 40,000 நனோதெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு), அப்படியே திருப்பித் தென்னமெரிக்கா பக்கம் கொண்டுபோனால் 22,000 அளவுக்கு இறங்கிவிடும். கல்லடியில் வகுப்பில் புரொஜெக்டரில் போட்டபோது ஒரு பிள்ளை எழுந்துவந்து சரியாக அந்த இடத்தில் விரலை வைத்து, "இதில மட்டும் ஏன் சேர் ஓட்டை மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டது. பூமியின் காந்தப்புலம் மெலிந்து கிடக்கும் தென் அத்திலாந்திக் முரண்பகுதி அதுதான்.

எனக்கு இதில் இல்லாமல் தெரிவது கதிர்வீச்சுத் தரவு. பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சு வளையமான வான் அலன் பட்டியில் சிக்கிய புரோத்தன்கள் புலக்கோடு வழியே வடக்கும் தெற்குமாக ஓடித் திரும்புகின்றன, புலம் மெலிந்த இடத்தில் இன்னும் தாழ இறங்கிவிடுகின்றன, அதனால் அங்கே கடந்துபோகும் செய்மதியின் உணரியில் படும் துணிக்கைகளின் எண்ணிக்கை எகிறும். ஹபிள் தொலைநோக்கி அந்தப் பகுதியில் அவதானிப்பையே நிறுத்திவைப்பது இதற்காகத்தான். எண்ணிக்கை உச்சமாகும் இடத்தை வருடாவருடம் குறித்துவந்தால் புலம் எந்தப் பக்கம் மெலிகிறது என்று தெரிந்துவிடும். நாசாவின் சம்பெக்ஸ் செய்மதி 1992 முதல் 2012 வரை சேர்த்த துணிக்கைத் தரவில் அது மெல்ல மேற்கே நகர்வது அப்படித்தான் பிடிபட்டது.

ஆனால் பிள்ளைகளிடம் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். எண்ணிக்கை குறைந்தால் புலம் பலமாகிவிட்டது என்று எழுதிவிடக்கூடாது. சூரியச் செயற்பாடு உச்சத்தில் இருக்கும் வருடங்களில் மேல்வளிமண்டலம் வீங்கி அந்தப் புரோத்தன்களில் ஒரு பங்கைத் தின்றுவிடும், ஆகவே எண்ணிக்கை எவ்வளவு என்பதைவிட உச்சம் எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம்.

தளம் முழுக்க ஆங்கிலம்தான், பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டிவரும். போனில் கோளம் சின்னதாகத் தெரியும், லப்டொப் நல்லது. தரவை எக்செலில் திறக்கிற மாதிரி இறக்கலாம். அப்புறம், முதல் தடவை ஒரு நாள் தரவோடு நிறுத்துங்கள், செய்மதி ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் பூமியைச் சுற்றுவதால் அதுவே ஒரு வகுப்புக்குத் தாராளம்.