ஏற்றமா, இறக்கமா, ஏரிச் சுற்றா?

கொடைக்கானலில் உட்கார்ந்துகொண்டு "தினமும் முக்கால் மணி நேரம் நடங்கள்" என்று சொல்லும் டாக்டர், பாதிச் சீட்டைத்தான் எழுதிக் கொடுக்கிறார். மேல்நோக்கி நடப்பதா, கீழ்நோக்கி நடப்பதா? திண்டுக்கல்லில் இந்தக் கேள்வி எழாது. ஆனந்தகிரியில் என் வீட்டு வாசலில் நின்றால் இடது கைப் பக்கம் ஏற்றம், வலது கைப் பக்கம் இறக்கம். சமதளம் வேண்டுமென்றால் ஏரிக்குத்தான் போக வேண்டும்.

வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 118 என்று சீட்டு வந்த பிறகு, ஒரு வருடமாக மூன்றையும் மாற்றி மாற்றி நடந்து பார்த்துவிட்டேன். நான் கணக்கு வாத்தியார். எதையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிடாமல் விடமாட்டேன்.

முதலில் ஏரி. 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் அமைத்த ஏரி. சுற்றுச் சாலை சுமார் 5 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரம். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று சுற்றில் அந்தக் கணக்கு நேராகிவிடும். ஆனால் 'மிதமான' என்ற சொல்லில் ஒரு கண்ணி இருக்கிறது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் அளவு. ஏரிக்கரையில் காலையில் நான் பார்க்கும் கூட்டத்தில் பாதிப் பேர் ஒரு கச்சேரியே செய்து முடிப்பார்கள். போதாக்குறைக்கு, சுற்று முடியும் இடத்தில் மிளகாய் பஜ்ஜிக் கடை. கூட்டாளியோடு பேசிக்கொண்டு நடக்க, நடக்கும் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க ஏரி நல்லது. அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஏற்றத்தின் கதை வேறு. நாம் வாழும் உயரம் சுமார் 2,100 மீட்டர். இங்கே காற்றின் அழுத்தம் குறைவு என்பதால், ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. இதன் பலாபலனை உலகம் பார்த்தது 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில். அந்த நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியின் உயரமும் அதுதான். மெல்லிய காற்றில் அமெரிக்காவின் பாப் பீமன் 8.90 மீட்டர் நீளம் தாண்டி உலக சாதனை படைத்தார். அதே மெல்லிய காற்று, 10,000 மீட்டர் ஓடிய ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க்கைக் கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழ வைத்தது. வென்றவர் கென்யாவின் நஃப்தாலி தெமு. சமவெளியிலிருந்து வரும் உறவினர்கள் நம் வீட்டுப் படியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு ரான் கிளார்க் நினைவுக்கு வருவார்.

ஏறும்போது இதயமும் நுரையீரலும் முழுக் கூலிக்கு வேலை செய்கின்றன. இருபது நிமிட ஏற்றம் ஒரு மணி நேர ஏரிச் சுற்றுக்குச் சமம் என்றே என் உடம்பு சொல்கிறது. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவதும் ஏற்றத்தில்தான். நானும் முதல் முறை அப்படித்தான் நிறுத்தினேன்.

இதனால் இங்கே பிறந்த பிள்ளைகள் ஓட்டத்தில் புலி என்று எண்ணிவிட வேண்டாம். எங்கள் மாணவர்கள் திண்டுக்கல் மைதானத்துக்குப் போனால் வெயிலில் வதங்கிவிடுகிறார்கள். தவிர, உயரத்தில் ஓடிப் பழகுகிறவருக்கு முழு வேகம் வராது. 1997-ல் லெவைன், ஸ்ட்ரே-கண்டர்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். 2,500 மீட்டரில் தங்கி, 1,250 மீட்டருக்கு இறங்கிப் பயிற்சி செய்த ஓட்டக்காரர்கள், 5,000 மீட்டர் ஓட்டத்தில் சராசரியாகப் பதின்மூன்று நொடி குறைத்தார்கள். மேலேயே தங்கி மேலேயே ஓடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. வத்தலக்குண்டு சாலையில் பாதி மலை இறங்கினால் ஏறத்தாழ அந்த 1,250 மீட்டர் வந்துவிடும்.

இனி இறக்கம். மூஞ்சிக்கல் டீக்கடைக்காரரிடம் நான் இறங்கி நடக்கப் போகிறேன் என்று சொன்னபோது, "இறங்குவது ஒரு வேலையா வாத்தியாரே? தள்ளிவிட்டால் கல்கூட இறங்கும்" என்றார். ஊர் முழுக்க அதே எண்ணம்தான். வியர்த்தால்தான் உடற்பயிற்சி என்று நம் மனத்தில் பதிந்துபோயிருக்கிறது.

ஆஸ்திரியாவில் ஹைன்ஸ் டிரெக்செல் என்ற மருத்துவரின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. உட்கார்ந்தே பழகிய, ஆனால் நோயில்லாத 45 பேர். உயர வேறுபாடு சுமார் 540 மீட்டர் உள்ள ஒரு மலை. இரண்டு மாதம் நடந்து ஏறி ரோப் காரில் இறங்கினார்கள். இன்னொரு இரண்டு மாதம் ரோப் காரில் ஏறி நடந்து இறங்கினார்கள். கெட்ட கொழுப்பு இரண்டிலும் குறைந்தது. உணவுக்குப் பின் ரத்தத்தில் சேரும் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பைக் கரைப்பதில் ஏற்றம் முந்தியது. சர்க்கரையைக் கையாளும் திறனில் முந்தியது இறக்கம்! சிறிய ஆய்வுதான், இதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஆனாலும் 118 என்ற சீட்டைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறவனுக்கு இது சின்னச் செய்தியா?

இறக்கத்தில் தசைகள் சும்மா இருப்பதில்லை. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. ஏறும் கியரிலேயே இறங்கு என்று மலை டிரைவர்கள் சொல்வது எதற்கு? பாரத்தை எஞ்சின் தாங்கட்டும் என்றுதான். நம் எஞ்சின் தொடையில் இருக்கிறது. மூச்சு வாங்காது, நெஞ்சு படபடக்காது, அதனால் ஏமாந்துவிடுவோம். நான் முதல் நாள் செண்பகனூர் வரை உல்லாசமாக இறங்கிவிட்டு பஸ்ஸில் ஏறி வந்தேன். இரண்டாம் நாள் காலை, வகுப்பறை மேடையிலிருந்து இறங்க மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது. பின் பெஞ்சில் ஒரே சிரிப்பு. அந்த வலி இரண்டு மூன்று நாளில் போய்விடும். அடுத்த முறை அதே தூரம் இறங்கினால் பாதிகூட வலிக்காது. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு மட்டும் இறக்கம் பகை. அவர்கள் கைத்தடி இல்லாமல் இறங்க வேண்டாம். டாக்டரைக் கேட்காமலும் வேண்டாம்.

இந்த மலைத்தொடரின் அடிவாரத்திலேயே அந்த ஆஸ்திரியச் சோதனைக்கு ஏற்ற இடம் தயாராக இருக்கிறது. பழனியில் 693 படிகள், பக்கத்திலேயே விஞ்ச், ரோப் கார். படியேறிப் போய் ரோப் காரில் இறங்குவதுதான் பக்தி என்று வைத்திருக்கிறோம். சர்க்கரைக்காரர்கள் முருகனிடம் காரணம் சொல்லிவிட்டு மாற்றிச் செய்யலாம். அவன் மலையேறிக் கோபித்துக்கொண்டு நின்றவன், நம் சங்கடம் புரியும்.

உடம்புக்கு இப்படி. படிப்புக்கு? இங்கே நான் கொஞ்சம் தலைகுனிந்துதான் எழுத வேண்டும். பொதுத்தேர்வு நெருங்கினால் பி.டி. பீரியடை இரவல் வாங்கிக்கொள்ளும் வாத்தியார்களில் நானும் ஒருவன். வாங்கிய பீரியடை எந்த வருடமும் திருப்பிக் கொடுத்ததில்லை. 2009-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹில்மன் குழு, ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளை இருபது நிமிடம் டிரெட்மில்லில் நடக்கவிட்டது. சும்மா உட்கார்ந்திருந்த நாளைவிட நடந்த நாளில் அவர்களின் கவனம் கூடியது. வாசித்துப் புரிந்துகொள்வதிலும் மதிப்பெண் ஏறியது. என் சிறப்பு வகுப்பு அந்த இருபது நிமிடத்தைத்தான் தின்றுகொண்டிருந்தது.

நடப்பது படிப்பதற்கு முன்பா, பின்பா என்பது அடுத்த கேள்வி. கவனத்துக்கு முன்பு. நினைவில் தங்குவதற்கு, 2016-ல் நெதர்லாந்தில் நடந்த ஒரு சோதனை விசித்திரமான விடை தந்தது. படித்த உடனே சைக்கிள் மிதித்தவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை. நான்கு மணி நேரம் கழித்து மிதித்தவர்களுக்கு, இரண்டு நாள் சென்று கேட்டபோதும் அதிகம் நினைவிருந்தது. காலை பதினொன்றரைக்குக் கணக்கு, மூன்றரைக்கு மைதானம் என்று வைத்தால் இரண்டும் பொருந்திவிடும். எங்கள் ஊரில் மூன்றரைக்கு மஞ்சு இறங்கி கோல் போஸ்ட்டே தெரியாது என்பது வேறு விஷயம்.

ஆகவே என் தேர்வு: கொழுப்பும் மூச்சும் கவலை என்றால் ஏற்றம். சர்க்கரை கவலை என்றால், முழங்கால் இடம் கொடுத்தால், இறக்கம். பிள்ளைகளுக்கு எந்தப் பக்கமானாலும் சரி, பீரியடைப் பிடுங்காமல் இருந்தால் போதும். ஏரி ஞாயிற்றுக்கிழமைக்கு.

நான் இப்போது வாரத்தில் நான்கு நாள் செண்பகனூர் இறங்குகிறேன். கடைசியாக எடுத்த சர்க்கரை 106. இரவுச் சோற்றையும் குறைத்திருக்கிறேன் என்பதால் பெருமை முழுவதையும் இறக்கத்துக்கே கொடுக்க முடியாது. திரும்பும் பஸ்ஸின் கண்டக்டருக்கு மட்டும் இன்னும் தெளியவில்லை. "சார், ஏறுவதற்குத் தினம் டிக்கெட் எடுக்கிறீர்கள். இறங்குவதற்கு எந்த பஸ்ஸில் போகிறீர்கள்?" என்று போன வாரம் கேட்டார்.