கைடா, பாட்டா, தமிழ் அணியா? ஃபிகர் ஆஃப் ஸ்பீச் படிக்க எது முதலில்?

பொதுத்தேர்வு நெருங்கிவிட்டால் காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு என்று எங்கள் வேலூர்ப் பக்கப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆங்கிலத் தாளில் ஒரே இடத்தில் பயம். பாட்டு வரியைக் கொடுத்து, இதில் என்ன ஃபிகர் ஆஃப் ஸ்பீச் (அணி) என்று கேட்கும் கேள்விதான் அது. இதைப் படிக்க மூன்று வழிகள் இருக்கின்றன. கைடில் உள்ள பட்டியலை மனப்பாடம் செய்யலாம். பாட்டையே வாய்விட்டுப் படித்துப் பென்சிலால் கோடு போடலாம். தமிழ்த் தாளுக்குப் படித்த அணி இலக்கணத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போகலாம். தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு மூன்றாவதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கைடு வேகமானது, அதை மறுக்கவில்லை. ஆனால் பிளஸ் டூ பிள்ளை, ஷேக்ஸ்பியரின் 'ஆல் த வேர்ல்ட்ஸ் எ ஸ்டேஜ்' என்றால் மெட்டஃபர் (உருவகம்) என்று பாட்டின் பெயரோடு சேர்த்து நெட்டுரு போட்டுவிடுகிறது. அதே பாட்டில் பள்ளிக்குப் போக மனமில்லாத சிறுவன் 'கிரீப்பிங் லைக் ஸ்நெயில்' என்று வருகிறான்; அது சிமிலி (உவமை). சிப்பாய் தேடி ஓடும் புகழ் 'பபிள் ரெப்யூட்டேஷன்'; அது மெட்டஃபர். கிழவரின் 'ஷ்ரங்க் ஷேங்க்' அலிட்டரேஷன், அதாவது ஒரே ஒலியில் தொடங்கும் சொற்கள். கடைசி வரியில் 'ஸான்ஸ்' (இல்லாமல்) நான்கு முறை வருகிறது, அது ரிப்பிட்டிஷன். எந்த வரி வந்தாலும் மெட்டஃபர் என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

பாட்டை வாய்விட்டுப் படிப்பது இதைவிட எவ்வளவோ மேல். அலிட்டரேஷனுக்கு வேறு வழியே இல்லை என்பேன். 'சிட்டி' (city), 'கேட்' (cat) இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில்தான் தொடங்குகின்றன. ஒலி வேறு என்பதால் அலிட்டரேஷன் ஆகாது. கண்ணை நம்பினால் தவறும், காது தவறாது. குறை என்னவென்றால், வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் யாருமில்லாத பிள்ளைக்கு வரியின் பொருளே பிடிபடாது. பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும்.

தமிழ் வழிக்கு அந்தத் துணை அவ்வளவாகத் தேவையில்லை, பாதிப் பாடம் ஏற்கெனவே மனத்தில் இருக்கிறது. தண்டியலங்காரம் சொல்லும் பொருளணிகள் 35. ஆங்கிலத் தேர்வுக்கு அத்தனையும் வேண்டாம். உவமையில் 'போல' வருவதுபோல சிமிலியில் 'லைக்' அல்லது 'ஆஸ்' வரும். உருவகம் தெரிந்தவருக்கு மெட்டஃபர் புதிதல்ல. மிகைப்படுத்திச் சொல்லும் உயர்வு நவிற்சிதான் ஹைப்பர்போல். 'தேவர் அனையர் கயவர்' என்ற குறளில், புகழ்வதுபோல் பழிக்கும் வஞ்சப்புகழ்ச்சியைக் கண்டுபிடித்த பிள்ளைக்கு ஐரனி எளிது. எல்லோரும் திணறும் சினெக்டகியைக்கூட 'தலைக்கு நூறு ரூபாய்' என்று உறுப்பின் பெயர் முழு ஆளுக்கு ஆகிவரும் சினையாகுபெயரை வைத்து விளக்கிவிடலாம்.

ஊர்ப்பேச்சிலும் சரக்கு இருக்கிறது. 'மரமில்லா மலை, நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில்' என்று வேலூரைப் பற்றிச் சொல்வார்கள். 1981-இல் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் மறுபடி குடிவந்தபின் கடைசித் துண்டு பொருந்தாது. ஆனால் ஒரே அச்சில் நான்கு துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு முரண். பாரலலிசமும் பாரடாக்ஸும் இந்த ஒரே சொலவடையில் கிடைக்கின்றன.

இந்த வழியில் சறுக்கும் இடங்களும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். முதலாவது எதுகை. பழைய வடார்க்காட்டின் திருவண்ணாமலையோடு சேர்த்தே நினைக்கப்படும் அருணகிரிநாதரின் 'முத்தைத்தரு பத்தித் திருநகை அத்திக்கிறை சத்திச் சரவண' என்ற அடியைக் கேட்டதும் அலிட்டரேஷன் என்று தோன்றும். முத்தை, பத்தி, அத்தி, சத்தி: ஒன்றுவது இரண்டாம் எழுத்து, முதல் எழுத்து அல்ல. முதல் எழுத்து ஒன்றும் மோனைதான் அலிட்டரேஷனுக்கு நெருக்கம். அதிலும் சகரத்துக்குத் தகரம் மோனையாக வரும் தமிழ் விதியை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

இரண்டாவது, இயல்பாக நடப்பதற்குக் கவிஞர் தன் காரணத்தை ஏற்றும் தற்குறிப்பேற்றம். மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் அசைகின்றன. 'வராதே' என்று கோவலனுக்குக் கைகாட்டுவதாக இளங்கோ காரணம் ஏற்றுகிறார். பத்தாம் வகுப்பில் வரும் கிப்ளிங்கின் இயந்திரங்கள் 'நாங்கள்' என்று தாமே பேசுகின்றன. அங்கே இயல்பாக நடந்த ஒன்றுக்குக் கவிஞர் காரணம் கற்பிக்கவில்லை. அது நேரான பர்சானிஃபிகேஷன், மனிதரல்லாததை மனிதர்போலக் காட்டுவது. ஆனால் தோரு தத்தின் சவுக்கு மரப் பாட்டில் காதில் விழும் முணுமுணுப்பை மரத்தின் புலம்பல் என்கிறாரே, அது கொடிகளுக்கு மிக அருகில் வருகிறது. தேர்வில் அதற்கும் பர்சானிஃபிகேஷன் என்றே எழுத வேண்டும்.

ஒரு மாதம் கையில் இருந்தால் முதல் வாரம் அணி, அடுத்த இரண்டு வாரம் பாட்டும் பென்சிலும், மிச்ச நாளில் விடைசரிபார்க்க கைடு. ஆங்கிலவழியில் படித்து, தமிழுக்குப் பதில் வேறு மொழிப்பாடம் எடுத்த பிள்ளைகள் நேராகப் பாட்டுக்கே போகலாம். நாளை காலை தேர்வு என்றால் கைடுதான். அப்போதும் விடைப் பத்தியைக் கையால் மூடிக்கொண்டு, 'லைக்', 'ஆஸ்' இருக்கிறதா என்று முதலில் வரியைப் பாருங்கள்.