பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் ஸ்டூடண்ட்ஸ் யூனியன் ஆலோசனைச் சேவை: எதற்கு உதவும், எங்கே கை விரிக்கும்

சென்னையிலோ கோவையிலோ பட்டம் முடித்துவிட்டு முதுகலைக்காக பிரிட்டன் போன மாணவருக்கு, ஒரு பாடத்தில் 46 மதிப்பெண், ஃபெயில் என்று போர்ட்டலில் தெரிந்ததும் முதலில் தோன்றுவது ரீவேல்யூவேஷன்தான். பணம் கட்டி, விடைத்தாள் நகல் வாங்கி, தெரிந்த பேராசிரியரிடம் காட்டி, மறுமதிப்பீட்டுக்கு அனுப்புவது நம் ஊர்க் கல்லூரிகளில் ஊறிப்போன பழக்கம். அங்கே அந்தக் கதவு கிடையாது. ஒரு கட்டுரைக்கு 46 தகுமா, 52 தகுமா என்பது ஆசிரியரின் கல்விசார் தீர்ப்பு; அதை எதிர்த்து முறையிட முடியாது. இது தெரியாமல், "நன்றாகத்தான் எழுதியிருந்தேன், தயவுசெய்து மறுபடி திருத்துங்கள்" என்று அப்பீல் போட்டால் அது முதல் கட்டத்திலேயே தள்ளுபடி ஆகும். உண்மையிலேயே வலுவான காரணம் கையில் இருந்தவர்கூட, அதை எழுதாமல் இதை எழுதிவிட்டு, இருந்த வாய்ப்பை இழந்துவிடுவார்.

இதை அரை மணி நேரச் சந்திப்பில் தெளிவாகச் சொல்லிவிடும் ஆட்கள் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். ஸ்டூடண்ட்ஸ் யூனியன் நடத்தும் ஆலோசனைப் பிரிவில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஆலோசகர்கள் அவர்கள். தேர்தலில் ஜெயித்து வரும் மாணவப் பிரதிநிதிகள் வேறு, இவர்கள் வேறு. கட்டணம் எதுவும் இல்லை. பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததுமே யூனியனில் உறுப்பினர் ஆகிவிடுவதால் தனியாகச் சேரவும் வேண்டாம். உறுப்பினராக இருக்க விரும்பாமல் விலகிக்கொண்டவருக்கும் சேவைகளில் நியாயமற்ற பாதகம் வரக் கூடாது என்று 1994ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்கிறது. யூனியன் என்றதும் கொடி, கோஷம், கட்சி என்று நினைத்து அந்தப் பக்கமே போகாதவர்கள் நம்மில் உண்டு. அந்தத் தயக்கம் தேவையில்லாதது.

யூனியனுக்கான பணத்தில் பெரும்பங்கு பல்கலைக்கழகம் தரும் மானியம்தானே, பிறகு எப்படிச் சுயேச்சை என்று கேட்டால், கேள்வி நியாயமானது. நடைமுறையில் பார்க்க வேண்டியது இரண்டு. ஆலோசகருக்கு மேலதிகாரி யூனியன், உங்கள் துறை அல்ல. நீங்கள் சொல்வது உங்கள் சம்மதம் இல்லாமல் துறைக்குப் போகாது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகள் மட்டும் விதிவிலக்கு. புரோகிராம் லீடரிடம் (உங்கள் படிப்பை நடத்தும் பொறுப்பாசிரியர்) போய், "இரண்டு பத்தி நண்பனுடையது" என்று மனம் விட்டுச் சொன்னால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அதை மேலே தெரிவிக்கக் கடமைப்பட்டவர். யூனியன் ஆலோசகரிடம் சொன்னால், உண்மையை எந்த வரிசையில், எந்த ஆதாரத்தோடு சொல்வது என்று அவர் வழி காட்டுவார். பொய் சொல்லத் துணை வர மாட்டார். வரவும் கூடாது.

அப்பீலுக்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏற்கும் காரணங்கள் மூன்றுதான். விதிமுறைப்படி நடக்கவில்லை, அந்தச் சமயத்தில் சொல்ல முடியாமல் போன நோய், மரணம் போன்ற சூழ்நிலை இருந்தது, மதிப்பிட்டவர் பாரபட்சமாக நடந்துகொண்டார். மூன்றாவதை நிரூபிப்பது மிகக் கடினம். முதலாவதற்கு ஆதாரம் பல சமயம் உங்கள் இன்பாக்ஸிலேயே கிடக்கும்: அனுமதித்த எக்ஸ்டென்ஷனை (கெடு நீட்டிப்பை) பதிவேற்றாமல் தாமத அபராதம் போட்டது, இயலாமைக்காகத் தருவதாகச் சொன்ன கூடுதல் நேரத்தைத் தராதது, மதிப்பெண்களைக் கூட்டியதில் பிழை. இவற்றை மாணவர்கள் சின்ன விஷயம் என்று விட்டுவிட்டு மனவேதனையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுகிறார்கள். ஆலோசகர் முதலில் தோண்டி எடுப்பது இந்தச் சின்ன விஷயங்களைத்தான்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்பதைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு மாதிரி வரைவு இப்படி இருக்கும்: "அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் மிகவும் பாதிக்கப்பட்டேன். வீட்டுக்கு ஒரே பிள்ளை. கல்விக்கடன் 20 லட்சம் இருக்கிறது. கருணை காட்டித் தேர்ச்சி தரவும்." கடனும் ஒரே பிள்ளை என்பதும் உண்மையான சுமைகள்; ஆனால் விதியில் அவற்றுக்கு இடமில்லை, அதனால் அவை வெளியே போகும். உள்ளே வருவது தேதி: "மார்ச் 3 அன்று அப்பா மாரடைப்பால் தஞ்சாவூரில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், இணைப்பு 1 டிஸ்சார்ஜ் சம்மரி. மார்ச் 5 முதல் 16 வரை ஊரில் இருந்தேன், இணைப்பு 2 போர்டிங் பாஸ். கட்டுரைக்கான கெடு மார்ச் 14." அடுத்து, பலர் எழுதாமலே விடும் பத்தி: அந்தச் சமயத்திலேயே நிலைமையைச் சொல்லிச் சலுகை கேட்டு ஏன் விண்ணப்பிக்கவில்லை? தெரியாது என்ற பதில் நிற்காது, ஏனென்றால் ஹேண்ட்புக்கில் இருக்கிறது. ஐசியு வாசலில் இருந்த நாட்கள், துறைக்கு அனுப்பிப் பதில் வராத மெயில், தன் நிலையையே உணர முடியாதபடி இருந்ததாக மருத்துவர் தந்த கடிதம் போன்றவைதான் நிற்கும். அப்பீல்கள் அதிகம் விழும் இடம் இந்தப் பத்திதான்.

கடைசியில் என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். தேர்ச்சி தரவும் என்று கேட்டால் கிடைக்காது; யாரும் மதிப்பெண்ணைக் கூட்டித் தர மாட்டார்கள். கேட்க வேண்டியது, இந்த முயற்சியை ரத்து செய்து முதல் முயற்சியாகவே மறுபடி எழுத அனுமதிப்பது. இந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். சாதாரண ரீசிட் (மறுதேர்வு) என்றால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் மதிப்பெண் தேர்ச்சி எல்லையில் நின்றுவிடும். பொதுவாக இளங்கலைக்கு 40, முதுகலைக்கு 50. முதல் முயற்சி என்று ஏற்கப்பட்டால் 68 எழுதினால் 68.

கெடு விஷயத்தில் கவனம் தேவை. அப்பீலுக்குச் சில இடங்களில் 10 வேலை நாட்கள், சில இடங்களில் 21 நாட்கள். எண்ணத் தொடங்குவது முடிவு வெளியான நாளிலிருந்து, நீங்கள் போர்ட்டலைத் திறந்து பார்த்த நாளிலிருந்து அல்ல. ஆலோசகரைப் பார்க்கச் சில நாட்கள் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால், முடிவு வந்த அன்றே மெயில் அனுப்பிவிடுங்கள். சப்ஜெக்ட் வரியில் கெடு தேதியை எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் அவர்கள் வரிசை போடுவார்கள். ஆதாரம் கைக்கு வரவில்லையே என்று கெடுவைத் தாண்ட விடக் கூடாது. ஊரில் இறப்புச் சான்றிதழ் கிடைக்க நாளாகலாம். ஃபார்மைக் கெடுவுக்குள் கொடுத்துவிட்டு, இன்ன ஆவணம் இன்ன தேதிக்குள் வரும் என்று அதிலேயே எழுதிவிடலாம். தமிழ்நாட்டு இறப்புச் சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும், சிக்கலில்லை. தமிழில் மட்டும் இருக்கும் கடிதத்துக்குச் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு தேவைப்படலாம், முன்னதாகக் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. காய்ச்சலோடு போய்த் தேர்வு எழுதிவிட்டு, பிறகு உடம்பு சரியில்லை என்று சொன்னால் பல பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. எழுத உட்கார்ந்ததே உடல் தகுதி இருந்ததற்கு ஒப்புதல் என்று விதி வைத்திருக்கிறார்கள். "சும்மா எழுதிப் பார்ப்போம்" என்ற நம் ஊர்ப் பழக்கம் அங்கே எதிராகத் திரும்பும். தேர்வுக்கு முந்தைய நாளே ஆலோசகருக்கோ துறைக்கோ ஒரு மெயில் போனால் நிலைமை வேறு.

இந்தச் சேவை உச்சத்தில் நிற்பது நகல் குற்றச்சாட்டு வழக்குகளில். கட்டுரையை மற்ற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் டர்னிட்டின் (Turnitin) என்ற மென்பொருள் 38 சதவீதம் ஒற்றுமை காட்டியது என்பது மட்டும் குற்றத்துக்குச் சான்றாகாது. மேற்கோள்கள், நூற்பட்டியல், கேள்வித்தாளின் வாசகம் எல்லாம் சேர்ந்தே அந்த எண் வருகிறது. முழு ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கி, நிறம் போட்ட ஒவ்வொரு வரியையும் ஆலோசகர் உங்களோடு உட்கார்ந்து பார்ப்பார். 2023 ஏப்ரலில் டர்னிட்டின் ஏஐ கண்டறியும் வசதியைச் சேர்த்த பிறகு இன்னொரு வகை வழக்கும் வந்தது: நீங்களே எழுதியதை இயந்திரம் எழுதியது என்பது. நிரூபிக்கும் பொறுப்பு பல்கலைக்கழகத்துடையது. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதே அளவுகோல். அதனால் நீங்கள் காட்ட வேண்டியது கட்டுரை வளர்ந்த விதம். ஒன்டிரைவில் சேமித்த வேர்ட் ஃபைல் என்றால் அதன் வெர்ஷன் ஹிஸ்டரி, கூகுள் டாக்ஸ் என்றாலும் அதேபோல், கையெழுத்துக் குறிப்புகள், இறக்கிய ஆய்வுக் கட்டுரைகளின் தேதிகள். குற்றச்சாட்டு மெயில் வந்ததும் பதற்றத்தில் அந்த ஃபைலைத் திறந்து திருத்துவது பெரிய தவறு, வேண்டவே வேண்டாம். நகல் எடுத்து வைத்துவிட்டு மூலத்தைத் தொடாமல் விடுங்கள்.

விசாரணைக் கூட்டத்துக்கு ஆலோசகர் கூட வரலாம். ஆனால் உங்களுக்குப் பதிலாகப் பேச மாட்டார். கேள்விகளுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்காகவே முன்கூட்டி ஒரு ஒத்திகை வைத்துத் தரும்படி ஆலோசகரிடம் கேளுங்கள். "இந்தப் பத்தியில் நீங்கள் பயன்படுத்திய முறையை விளக்குங்கள்" என்ற கேள்விக்கு ஆங்கிலத்தில் திணறினாலே சந்தேகம் வலுக்கிறது. ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அந்தத் திணறல் பாதி குறையும்.

பணம் வாங்கிக்கொண்டு அசைன்மென்ட் எழுதித் தருகிறோம், அப்பீலும் எழுதித் தருகிறோம் என்று வாட்ஸ்அப் குரூப்பில் வருபவர்களை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். காசுக்கு அசைன்மென்ட் எழுதித் தருவதும் அதற்கு விளம்பரம் செய்வதும் இங்கிலாந்தில் 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வாங்கிய மாணவர் பல்கலைக்கழக விசாரணைக்கு உள்ளாவார். விற்றவரே பிறகு காட்டிக்கொடுப்பேன் என்று மிரட்டிப் பணம் பறிப்பதும் நடக்கிறது. அப்படி மாட்டிக்கொண்டவரும் வெட்கப்படாமல் யூனியன் ஆலோசகரிடம் போகலாம். போக வேண்டும்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் மதிப்பீடு நேர்மையாக இருக்காது. ஆலோசகர்கள் எண்ணிக்கை குறைவு. ஜூன், ஜூலையில் முடிவுகள் வரும்போதும், முதுகலை டிசர்டேஷன் (ஆய்வேடு) முடிவுகள் வரும்போதும் வரிசை நீளும். கடிதத்தை எழுதித் தர மாட்டார்கள், நீங்கள் எழுதியதைப் படித்துக் குறிப்பு சொல்வார்கள். சில இடங்களில் ஒரே ஒரு முறைதான் படிப்பார்கள். ஆகவே முதல் வரைவையே முழுமையாகக் கொண்டுபோங்கள். வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்தின் லண்டன் வளாகத்திலோ, அதன் பாடத்தை நடத்தும் தனியார் கல்லூரியிலோ படிப்பவர்களுக்கு நிலைமை இன்னும் மங்கல்: உங்கள் யூனியன் எது, அதன் ஆலோசனை உங்களுக்கும் உண்டா என்பதைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். சேர்த்துவிட்ட ஏஜென்சியிடம் இதைக் கேட்டுப் பயனில்லை.

விசாதான் பெரிய இடைவெளி. குடியேற்ற ஆலோசனை சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டது என்பதால் பல யூனியன் ஆலோசகர்கள் அதைத் தொடாமல், பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அது அவர்கள் தவறில்லை, ஆனால் மாணவர் இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் போயாக வேண்டும். படிப்பிலிருந்து நீக்கினால் பல்கலைக்கழகம் 10 வேலை நாட்களுக்குள் பிரிட்டன் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அதன்பின் விசா பொதுவாக 60 நாட்களாகச் சுருக்கப்படும். அப்பீல் போட்டாலே இது நின்றுவிடும் என்று நம்புவது ஆபத்து. ரீசிட்டிலும் கணக்கு உண்டு. படிப்பு முடிந்தபின் அங்கே தங்கி வேலை பார்க்க உதவும் கிராஜுவேட் விசாவுக்கு, மாணவர் விசா காலாவதியாகும் முன், பிரிட்டனுக்குள் இருந்தே, படிப்பு முடிந்ததைப் பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்த பிறகு விண்ணப்பிக்க வேண்டும். ரீசிட் முடிவு வரும் தேதியையும் விசா முடியும் தேதியையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டாவது முந்தினால், அன்றைக்கே சர்வதேச மாணவர் அலுவலகம்.

உள்ளுக்குள் எல்லாம் முடிந்தும் நியாயம் கிடைக்கவில்லை என்றால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஓஐஏ என்ற சுயேச்சை நடுவர் அலுவலகம் இருக்கிறது. 2004ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டத்தின் கீழ் வரும் இதுவும் மாணவருக்கு இலவசம். ஸ்காட்லாந்தில் படிப்பவர் அங்குள்ள பொதுச்சேவைக் குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டும். ஓஐஏவும் மதிப்பெண்ணை மாற்றாது. பல்கலைக்கழகம் தன் விதிப்படி நடந்ததா, முடிவு நியாயமானதா என்று மட்டும் பார்க்கும். அங்கே போக நுழைவுச்சீட்டு, உள் நடவடிக்கைகள் முடிந்துவிட்டன என்று பல்கலைக்கழகம் தரும் 'கம்ப்ளீஷன் ஆஃப் ப்ரொசீஜர்ஸ்' கடிதம். நடவடிக்கை முடிந்த 28 நாட்களுக்குள் அது வர வேண்டும். வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடிதத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் ஓஐஏவில் விண்ணப்பிக்கலாம். அப்பீலும் அதன் மேல்பரிசீலனையும் சேர்ந்து 90 நாட்களுக்குள் முடிய வேண்டும் என்பது ஓஐஏவின் நல்நடைமுறை. பல்கலைக்கழகம் இழுத்தடித்தால், யூனியன் ஆலோசகர் இந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதும் ஒரு மெயில் பல சமயம் கோப்பை நகர்த்திவிடும்.

இந்தக் கடிதங்கள் எல்லாம் பெரும்பாலும் பல்கலைக்கழக மெயிலுக்குத்தான் வரும். நீக்கப்பட்டவரின் மெயில் கணக்கு ஒரு நாள் மூடப்படும். முடிவு மெயில், எக்ஸ்டென்ஷன் அனுமதி, பதில் வராத உங்கள் கேள்விகள், ஃபீட்பேக் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், டர்னிட்டின் ரிப்போர்ட் அனைத்தையும் இன்றே பிடிஎஃப் ஆக்கித் தேதி வாரியாகப் பெயரிட்டு உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடுங்கள். ஆலோசகர் முதல் சந்திப்பில் கேட்கப்போவதும் இந்த ஃபோல்டரைத்தான்.