பட்டியலா, பத்திரிகையா, அட்டைப் பெட்டியா?

'மிட்டிகேட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என் நோட்டில் எழுதி வைத்திருந்த பொருள் 'குறை'. அவ்வளவுதான். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன் நான். சாக்கு விற்கும் வியாபாரியிடம் விலையைக் குறைக்கச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. முதல் நாள் இரவு மனப்பாடம் செய்த சொல் கைவசம் இருக்கும்போது விடுவேனா? 'விலையை மிட்டிகேட் செய்யவும்' என்று எழுதிக் கையெழுத்துக்கு வைத்தேன். மேலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்னங்க, விலைக்குக் காய்ச்சலா அடிக்கிறது, தணிப்பதற்கு?" என்றார்.

வலி, நஷ்டம், ஆபத்து, தண்டனை போன்றவற்றின் கடுமையைத் தணிப்பதுதான் மிட்டிகேட். விலைக்கும் எடைக்கும் அது ஒட்டாது. இந்த ஒட்டும் ஒட்டாமையும் எந்த நோட்டிலும் எழுதியிருக்கவில்லை. அன்று தொடங்கி, சொல் சேர்க்கும் வழிகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன். சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் மலையேறி இறங்குகிறவனுக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை.

முதலில் பட்டியல். வழிகாட்டிப் புத்தகத்தை வாங்கி நாளுக்குப் பத்துச் சொல் என்று உருப்போடுவது. ஐந்து ரோடு பக்கம் வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் இந்த வழிதான். சுளுவானது, கணக்குக் காட்ட முடிகிறது, நோட்டு நிரம்பும்போது மனமும் நிரம்புகிறது. ஆனால் பெரும்பாலான நோட்டுகள் 'ஏ' எழுத்தைத் தாண்டுவதில்லை. அபேட், அபெட், அபார் மூன்றும் அடுத்தடுத்து வந்து ஒன்றோடொன்று குழம்பிக்கொள்ளும். 'டி' வரும்போது தேர்வே முடிந்திருக்கும். பால் நேஷன் என்ற மொழியியலாளர் 2006இல் போட்ட கணக்கின்படி, ஆங்கில நாவலையோ செய்தித்தாளையோ தடங்கலின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தெரிய வேண்டும். (டிசைட், டிசிஷன், டிசைசிவ் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம்.) நாளுக்குப் பத்து என்றால், ஒரு நாளும் விடாமல், ஒன்றையும் மறக்காமல், இரண்டு வருடத்துக்கு மேல். அப்படி ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

பட்டியல்தான் வேண்டும் என்பவர்கள் நல்ல பட்டியலையாவது எடுக்கலாம். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலக் கல்வியாளர் 1953இல் வெளியிட்டது சுமார் 2,000 அடிப்படைச் சொற்களைக் கொண்டது. ஏவரில் காக்ஸ்ஹெட் என்ற மொழியியலாளர் 2000இல் தொகுத்தது கல்லூரிப் பாடநூல்களில் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்கள். இவற்றில் பகட்டு இல்லை, பயன் உண்டு.

வேர்ச்சொல் வழி இன்னொன்று. 'போர்ட்' என்றால் சுமப்பது என்று தெரிந்தால் இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட் எல்லாம் ஒரே கொத்தாகக் கைக்கு வரும். புத்திசாலிகளுக்குப் பிடித்த வழி. எனக்கும் கொஞ்ச நாள் பிடித்திருந்தது. பிறகு ஒருநாள் சங்ககிரிச் சாலையில் ஒரு டேங்கர் லாரியின் பின்னால் 'இன்ஃப்ளேமபிள்' என்று பார்த்தேன். 'இன்' வந்தால் எதிர்மறை என்று படித்திருந்தேன்; இன்விசிபிள் என்றால் கண்ணுக்குத் தெரியாதது. அப்படியானால் இது தீப்பிடிக்காத சரக்கா? எளிதில் தீப்பிடிக்கும் என்பதுதான் பொருள். அங்கே வரும் 'இன்' வேறு 'இன்'. இந்தக் குழப்பம் ஆளைக் கொல்லும் என்பதால்தான் இப்போது பல இடங்களில் வெறும் 'ஃப்ளேமபிள்' என்று எழுதுகிறார்கள். வேர் என்பது தெரிந்த சொல்லை மறக்காமலிருக்க உதவும். தெரியாத சொல்லை ஊகிக்க அதை முழுதாக நம்பக்கூடாது. நம் வீட்டு வேர் வேண்டுமானால் கட்டுமரம் அங்கே போய் கேட்டமரான் ஆனது, குருந்தம் என்ற கல் கொரண்டம் ஆனது. இவை மட்டும் எனக்கு ஒருநாளும் மறந்ததில்லை.

கைப்பேசியில் காலைதோறும் வந்து விழும் 'இன்றைய சொல்' பற்றி ஒரு வரி போதும்: குட்மார்னிங் படங்களோடு சேர்ந்து அதுவும் அழிந்துவிடும்.

ஆங்கிலப் பத்திரிகை அப்படியல்ல. சொல் தன் சுற்றத்தோடு வருவது அங்கேதான். மேம்பாலம் கட்டும் திட்டத்தை 'மூட்' செய்தார்கள் என்று நம்மூர்ச் செய்தியில் வந்தால் முன்மொழிந்தார்கள் என்று பொருள். அதே சொல் 'பாயின்ட்' என்பதோடு சேர்ந்து வந்தால் விவாதத்துக்குரிய விஷயம். எந்தச் சொல் எதோடு சேரும் என்ற அறிவு வேறு எங்கும் இவ்வளவு மலிவாகக் கிடைக்காது. குறை என்னவென்றால், இன்று பார்த்த சொல்லை மறுபடி பார்க்க ஒரு மாதம் ஆகலாம். அதற்குள் அது போய்விடும். மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்பதை எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885லேயே தன்னையே சோதித்துக் காட்டிவிட்டார். தவிர, அடிவாரம் தாண்டிப் பத்திரிகை படித்தால் குமட்டும்.

கடைசியில் நான் நிலைத்தது அட்டைப் பெட்டியில். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் எழுத்தாளர் 1972இல் பிரபலமாக்கிய முறை. பெட்டியில் ஐந்து அறைகள். புதிய அட்டை முதல் அறையில். விடை சரியென்றால் அடுத்த அறைக்குப் போகும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும், பின்னறைகளை நாள் விட்டு, வாரம் விட்டு. மறக்கப் போகிற நேரம் பார்த்துச் சொல் வந்து கதவைத் தட்டும். இதையே கணினியில் செய்வது 2006இல் வந்த 'அன்கி' செயலி. பிள்ளைகள் அதையே பயன்படுத்தலாம். எனக்குக் கையால் எழுதினால்தான் நிற்கிறது.

அட்டையில் தனிச்சொல் எழுதுவதில்லை. பத்திரிகையில் பார்த்த வாக்கியத்தை எழுதி, அந்தச் சொல்லின் இடத்தைக் காலியாக விடுகிறேன். பின்பக்கம் சொல்லும், அது எதோடு ஒட்டும் என்பதும். நாளுக்கு நான்கு அட்டை, அதற்கு மேல் இல்லை. மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு ஒரு வாக்கியம் என்று கண்ணை மூடி நினைவுக்குக் கொண்டுவருகிறேன். வராதது ஏற்காட்டில் இறங்கியதும் முதல் அறைக்குப் போகிறது.

மூன்று மாதத்தில் தேர்வு என்றால் பட்டியலைத் தவிர்க்க முடியாது. ஆனால் அதையும் அட்டைகளாக வெட்டிப் பெட்டியில் போடுங்கள். வேலையில் இருப்பவர்களுக்குப் பத்திரிகையும் பெட்டியும் சேர்ந்தால் போதும். பெட்டி மட்டும் என்றால் இன்னொரு 'விலைக்குக் காய்ச்சல்' வரும்; பத்திரிகை மட்டும் என்றால் படித்த திருப்திதான் மிஞ்சும்.

செலவு? பெட்டி, இனிப்புக் கடையில் கொடுத்தது. அட்டை, பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கம். வைகாசியிலும் ஆவணியிலும் குவிகிறது. ஆடியில் மட்டும் கொஞ்சம் தட்டுப்பாடு.