ரசீதில் எண் எழுதாமல் பழைய கைக்கடிகாரத்தைக் கடையில் கொடுக்காதீர்கள்

எங்கள் தாத்தா விட்டுச் சென்ற ஒமேகா கைக்கடிகாரத்தைச் சர்வீசுக்குக் கொடுத்து, அதன் வெளிக்கூட்டை மட்டும் திரும்பப் பெற்றவன் நான். வீட்டுப் பெரியவர்களின் பழைய வாட்ச் ஒன்று பீரோவில் இருக்கிறது, அதை விற்பதா, வைத்துக்கொள்வதா, பிள்ளைகளுக்குக் கொடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கும் எவருக்கும் இது நேரக் கூடாது என்பதற்காகவே நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

தாத்தா இளம் வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு சென்றவர். அங்கே மளிகை மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கெழுதி, 1967-இல் தம் சேமிப்பிலிருந்து ஒமேகா சீமாஸ்டர் ஆட்டோமேட்டிக் ஒன்றை வாங்கினார். மூன்று ஆண்டுகள் கழித்து ரஜூலா கப்பலில் ஊர் திரும்பியபோது அது அவர் கையில் இருந்தது. தேதி காட்டாத எளிமையான வாட்ச் அது. வெள்ளி நிறத்தில் இருந்த டயல் காலப்போக்கில் வெளிர்தேன் நிறமாகியிருந்தது. நான்கு மணிக் கோட்டின் பக்கத்தில் மிளகளவு ஒரு கறை உண்டு. ஒருமுறை மழையில் நனைந்ததால் வந்தது என்று தாத்தா சொல்வார். பின்மூடியில் கடல்குதிரை புடைப்பாகப் பதிந்திருக்கும். சிறு வயதில் அதை விரலால் தடவிப் பார்ப்பதற்காகவே நானும் என் தங்கையும் அவர் மடியில் இடம்பிடிப்போம்.

தாத்தாவுக்குப் பின் அப்பா அதைக் கட்டவில்லை. பத்திரமாக வைத்திருந்தார். அப்பாவும் சென்ற ஆண்டு காலமானதும், வாட்ச் யாரிடம் இருப்பது என்ற பேச்சு வந்தது. தங்கைக்கு அதை விற்க மனமில்லை. எனக்கோ, ஓடாமல் பெட்டியில் கிடப்பதைவிட விலை தெரிந்தால் முடிவெடுக்க வசதியாக இருக்கும் என்று தோன்றியது. விலை தெரிந்துகொள்ள நான் தேர்ந்தெடுத்த இடம், பழைய வாட்ச்சுகளை வாங்கி விற்கும் ஒரு கடை. வாங்க நினைப்பவரிடமே போய் மதிப்புக் கேட்டதுதான் என் முதல் தவறு.

கடைக்காரர் மிகுந்த மரியாதையுடன்தான் பேசினார். பின்மூடியைத் திறந்து, கண்ணில் லென்சைச் செருகிக்கொண்டு சிறிது நேரம் பார்த்தார். பிறகு மூடியை மூடிவிட்டு, "மெஷின் தேய்ஞ்சு போச்சு சார், உள்ளே துரு. இப்படியே கொடுத்தா ஆறாயிரம் தரலாம். ஓட வெச்சுப் பார்க்கணும்னா எட்டாயிரத்து ஐந்நூறு ஆகும், புதுசு மாதிரி செஞ்சு கொடுத்துடறேன்" என்றார். ஆறாயிரத்துக்கு விற்க எனக்கு மனம் வரவில்லை. சர்வீசுக்கே விட்டுவிட்டு வந்தேன். அவர் தந்த ரசீதில் என் பெயர், தொகை, "ஒமேகா ஜென்ட்ஸ் 1, சர்வீஸ்" என்பவற்றைத் தவிர வேறெதுவும் இல்லை. திறந்திருந்த மெஷினை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கைப்பேசி சட்டைப் பையிலேயே இருந்தது.

ஐந்து வாரம் கழித்து வாட்ச் பளபளவென்று வந்தது. ஓடியது. நான் மகிழ்ச்சியோடு தங்கை வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். அவள் கையில் வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, அந்தப் புள்ளி எங்கே?" என்று கேட்டாள். டயல் முழுக்கப் புது வண்ணம் பூசப்பட்டிருந்தது. 'சீமாஸ்டர்' என்ற எழுத்து தடித்து, விளிம்பில் மை லேசாகக் கசிந்திருந்தது. ஆறு மணிக்குக் கீழே சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டது என்று பொடி எழுத்தில் இருந்த வாசகம் அடியோடு இல்லை. பின்னால் திருப்பினால், கடல்குதிரையின் முகமும் பிடரியும் பாலிஷ் சக்கரத்தில் தேய்ந்து வழவழப்பான மேடாகிவிட்டிருந்தன. பெல்ட் பொருந்தும் நான்கு கால்களின் கூர்மையான விளிம்புகளும் மழுங்கிவிட்டன. தங்கை என்னைத் திட்டவில்லை. மூடியின் மேல் விரலை வைத்தவள் எடுக்காமலே இருந்தாள். அது எனக்குத் திட்டைவிட வலித்தது.

அதைவிடப் பெரிய இழப்பு உள்ளே இருந்தது. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய பாஸ்போர்ட்டோடு வாட்ச்சின் உத்தரவாதச் சீட்டும் இருந்தது. அதைத் தங்கைதான் தேடி எடுத்தாள். பினாங்குக் கடையின் முத்திரையும், கையால் எழுதிய எட்டு இலக்க எண்ணும் அதில் தெளிவாக இருந்தன. எண் 24 என்று தொடங்கியது. பழைய வாட்ச்சுகளை வாங்கவோ விற்கவோ செய்யாமல், பழுது மட்டும் பார்க்கும் ஒரு முதியவரிடம் இருவரும் சென்றோம். அவர் எங்கள் கண் முன்னாலேயே திறந்து, லென்சை எங்களிடமும் கொடுத்தார். அந்தக் கால ஒமேகாக்களில் வரிசை எண் மெஷின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். உள்ளே இருந்த எண் 17 என்று தொடங்கியது. வரிசை எண்கள் காலப்போக்கில் ஏறிக்கொண்டே போகும். அதாவது, இது தாத்தா வாட்ச் வாங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே செய்யப்பட்ட வேறொரு மெஷின். சீட்டில் இருந்ததோ 24 ஜுவல் (மெஷினில் உராய்வைக் குறைக்கும் சிறு கற்கள்) கொண்ட 552 என்னும் வகை. உள்ளே இருந்தது 17 ஜுவல் கொண்ட 550. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்திவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. அந்த முதியவர் எங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. துருவில் அழிந்த மெஷினை மாற்ற வேண்டியிருந்தால், பழையதை ஒரு பொட்டலத்தில் போட்டு உரியவரிடம் திருப்பித் தருவதுதான் தொழில் முறை என்று மட்டும் சொன்னார்.

உத்தரவாதச் சீட்டுடன் கடைக்குத் திரும்பிச் சென்றேன். "நீங்க கொடுத்ததுதான் சார் இது. முன்னாடி எங்கேயோ மாத்தியிருப்பாங்க" என்பதே பதில். 1967-க்கும் இன்றைக்கும் இடையில் அது எந்தக் கடைக்கும் போகவில்லை என்று எனக்குத் தெரியும்; ஆனால் என் ரசீது அதைச் சொல்லவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்தேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். நாம் செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்கு மேற்படாதவரை கட்டணமும் இல்லை. அனுமதி கேட்காமல் டயலுக்கு வண்ணம் பூசியதைக் கொண்டு முறையிடத் தயாராகி வருகிறேன். மெஷினைப் பொறுத்தவரை, கொடுத்த அன்று அதற்குள் எந்த எண் இருந்தது என்பதை நிறுவும் ஒற்றைப் படம் என்னிடம் இல்லை என்பதே உண்மை.

ஆகவே, உங்களிடம் இப்படி ஒரு வாட்ச் இருந்தால், விற்பதா வைப்பதா என்ற முடிவுக்கு முன்பே அதை அடையாளம் கண்டுவிடுங்கள். பழுது பார்ப்பவர் உங்கள் எதிரில் திறக்கட்டும். டயல், பின்மூடியின் உட்புறம், மெஷின் ஆகியவற்றைத் தனித்தனியாகப் படம் எடுங்கள். பின்மூடியின் உள்ளே கூட்டின் மாடல் எண் இருக்கும், மெஷினில் அதன் எண் இருக்கும். எல்லா நிறுவனங்களும் மெஷினில் வரிசை எண் பொறிப்பதில்லை. அப்படிப்பட்டவற்றுக்குப் படம்தான் ஒரே சாட்சி. இந்த எண்களை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். "டயலைத் தொடக் கூடாது, பாலிஷ் கூடாது, மாற்றும் பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்" என்ற மூன்றையும் அதே ரசீதில் சேர்க்கச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் வாட்ச்சை விடாதீர்கள். பல ஆண்டுகள் கிடந்த வாட்ச்சுக்கு ஆர்வத்தில் சாவி கொடுத்துப் பார்ப்பதும் வேண்டாம், எண்ணெய் காய்ந்திருந்தால் பற்சக்கரங்கள் தேயும்.

மங்கிய டயலைப் பார்த்து வருந்த வேண்டியதில்லை. பழைய வாட்ச் சேகரிப்பவர்கள் விலை கொடுப்பது அந்த மங்கலான அசல் டயலுக்குத்தான். வண்ணம் பூசி, கிடைத்த பாகங்களைச் சேர்த்து விற்கப்படும் வாட்ச்சுகளுக்கு உலகெங்கும் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'மும்பை ஸ்பெஷல்'. எங்கள் தாத்தாவின் வாட்ச்சும் இன்று அந்தக் கணக்கில்தான் வரும். ஒமேகாவுக்கு மட்டும் நேர்வதில்லை இது. எச்.எம்.டி. நிறுவனத்தின் வாட்ச் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016-இல் ஒப்புதல் அளித்த பிறகு பழைய எச்.எம்.டி.களைத் தேடுவோர் பெருகினர். அப்பாவின் முதல் சம்பளத்தில் வாங்கிய பைலட் வாட்ச் உங்கள் வீட்டில் இருந்தால், அதையும் இதே கவனத்தோடு காப்பாற்றுங்கள்.

விற்பதில்லை என்று நானும் தங்கையும் முடிவு செய்திருக்கிறோம். வாட்ச்சும் உத்தரவாதச் சீட்டும் இப்போது அவள் வீட்டில் ஒரே பெட்டியில் இருக்கின்றன. பழைய ஒமேகா வாங்குபவர்கள் எவரேனும், 24 என்று தொடங்கும் எண்ணுள்ள 552 மெஷின் ஒன்று பொருந்தாத கூட்டுக்குள் இருப்பதைக் கண்டால், அதன் முழு எண்ணைக் குறித்து எனக்குத் தெரிவியுங்கள். சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கக் காத்திருக்கிறோம்.