வாரிசு சான்றிதழும் ஒரு சாய்கோடும்

அப்பா தவறி மூன்று மாதம் கழித்து லண்டனிலிருந்து இரண்டு வார லீவில் ஊருக்குப் போயிருந்தேன். முக்கிய வேலை வாரிசு சான்றிதழ் வாங்குவது. இப்போதெல்லாம் ஆன்லைனிலேயே போடலாம் என்றார்கள், சரி என்று வந்த அன்று இரவே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் கேன் எண்ணுக்கு, அதாவது ஆன்லைனில் சான்றிதழ் கேட்கிறவர்களுக்கு அரசு தரும் அடையாள எண்ணுக்கு, பதிய வேண்டும். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் நிரப்பி அழுத்தினால் சிவப்பு எழுத்தில் 'இன்வேலிட் இன்புட்' என்று வருகிறது, எந்தக் கட்டத்தில் தப்பு, என்ன தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. ஓடிபி அம்மாவின் போனுக்குப் போய், அதை அவர் தேடி எடுத்துப் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்து எல்லாம் அழிந்துவிட்டது. மூன்று முறை இப்படியே. அம்மா "நாளைக்குப் பாத்துக்கலாம்பா" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

காலையில் இ-சேவை மையம் போனேன். அங்கிருந்த பெண் திரையை ஒரு பார்வை பார்த்தார். "அண்ணா, கதவு எண்ல ஸ்லாஷ் போட்டிருக்கீங்க, அது எடுக்காது." எங்கள் வீடு புது எண் 14, பழைய எண் 7/2. தமிழ்நாட்டில் எத்தனையோ தெருக்களில் இரண்டு எண்ணும் உண்டு, சாய்கோடு இல்லாமல் எப்படி எழுதுவது? அப்புறம், இறப்புச் சான்றிதழ் ஸ்கேன் 200 கேபிக்குள் இருக்க வேண்டும், ஆதாரிலும் அதிலும் இனிஷியல் ஒரே மாதிரி இல்லாவிட்டால் விஏஓ திருப்பி அனுப்பிவிடுவார் என்றெல்லாம் சொன்னார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அவர் வாயால் சொன்ன அத்தனையும் படிவத்திலேயே நாலு வரியாக இருந்திருக்க வேண்டியவை.

பிரிட்டனில் அரசு சேவைகளுக்கென்று 2012-இல் கவ்.யூகே (GOV.UK) தளம் வந்தது. அங்கே படிவம் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்விதான் வைக்கிறார்கள். என்னென்ன ஆவணம் வேண்டும் என்பதை ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுகிறார்கள். பிறந்த தேதிக்கு நாள், மாதம், வருடம் என்று மூன்று கட்டம், தட்டினால் போதும். இங்கே அம்மாவுக்காக காலண்டரில் 1951 வரை ஒவ்வொரு மாதமாகப் பின்னால் போனேன். படிவம் வடிவமைக்கிறவர்கள் ஒரே ஒரு நாள் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அடுத்து பட்டா மாறுதல். அதைத் தங்கைதான் போடப் போகிறாள். அந்தப் பெண் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, அம்மாவின் ஆதார் ஜெராக்ஸோடு பின் அடித்து அவளிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன்.